புண்ணும் தைலமும்: எங்கே தடவலாம், எங்கே தடவக் கூடாது

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் எட்டாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். வலது காலின் பெருவிரலில், நகத்தை ஒட்டினாற்போல, ஒரு பிளாஸ்டர் சுற்றியிருந்தது. நகம் வெட்டும்போது சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டதாகவும், நான்கு நாளாகத் தைலம் போட்டு வருவதாகவும், இப்போது விரல் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்றும் சொன்னார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிளாஸ்டரை மெல்ல உரித்தேன். முதலில் மூக்கில் ஏறியது யூகலிப்டஸ் வாடை. அதற்கு அடியிலிருந்து, அந்த வாடையால் மறைக்க முடியாத சீழ் நாற்றம் வந்தது. காயத்தின் விளிம்புத் தோல் ஊறி, ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஏடுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதற்கப்பால் ஐம்பது காசு அகலத்திற்குத் தோல் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. “எரிச்சலே இல்லை தங்கச்சி, அதனால ஆறிக்கிட்டு வருதுன்னு நினைச்சேன்” என்றார். பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர் நோய் (நீரிழிவு) உள்ளவர் அவர். பச்சைக் காயத்தில் தைலம் பட்டும் எரியவில்லை என்றால் புண் ஆறுகிறது என்று பொருளல்ல, அந்த விரலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்றே பொருள். அன்றிரவே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். விரல் தப்பியது, ஆனால் மருத்துவமனையில் பல நாள் படுத்திருக்க வேண்டியதாயிற்று.

புண்ணுக்குக் கட்டுப் போடும் பணியில் தாதியாக நெடுங்காலம் இருந்தவள் நான். தைலத்தின் மீது நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை நான் இழிவாக எண்ணுவதில்லை; செடிகளிலிருந்து வடிக்கும் எண்ணெய்களில் கிருமியைக் கொல்லும் ஆற்றல் மெய்யாகவே இருக்கிறது. ஆனால், கிருமியைக் கொல்வது வேறு, கிருமி பிடித்த புண்ணை ஆற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் எதை எந்த முறையில் செய்யலாம், எந்தக் கட்டத்தில் புட்டியை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சொல், மூன்று பொருள்கள்

தமிழில் ‘தைலம்’ என்ற ஒரு சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமப்பதே பாதிக் குழப்பத்திற்குக் காரணம். எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது அது. ஆகவே முதற்பொருளில், நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகைகளை இட்டுக் காய்ச்சி வடித்ததே தைலம். சித்த மருத்துவத்தில் புண்ணுக்குப் பயன்படும் மத்தன் தைலம் இந்த வகையைச் சேர்ந்தது. நஞ்சுத்தன்மையுள்ள ஊமத்தை இலைச்சாறும் துருசும் (மயில்துத்தம்) அதில் சேர்வதால், தேர்ந்த சித்த மருத்துவர் புண்ணைப் பார்த்துத் தர வேண்டியதே தவிர, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள் என்று பூசிக்கொள்ள வேண்டியதன்று.

இரண்டாவது, நாம் கைப்பையில் வைத்திருக்கும் கோடாலித் தைலம், புலி மார்க் தைலம் போன்றவை. ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சிராங்கூன் சாலையில் டஜன் கணக்கில் வாங்கிப் பெட்டியில் அடுக்குகிறோமே, அவைதாம். மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மீத்தைல் சாலிசிலேட் முதலியவற்றின் கலவையான இவை தசைவலிக்கும் தலைபாரத்திற்கும் மூக்கடைப்புக்கும் ஆனவை. தோல் முழுதாக இருக்கும் இடத்தில் மட்டுமே தடவ வேண்டியவை. மெந்தால் தரும் குளிர்ச்சி வலியை மறைப்பதால் புண் தேறிவருவதாகத் தோன்றும். புண்ணைப் பொறுத்தவரை அதுவே கேடு.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு உரியது: இலை, பட்டை, பூ ஆகியவற்றை நீராவியில் வேகவைத்து, ஆவியோடு வெளிவரும் மணமுள்ள பகுதியைக் குளிரவைத்துப் பிரித்தெடுக்கும் ஆவியாகும் எண்ணெய். கடைகளில் எசென்ஷியல் ஆயில் என்று சிறு கண்ணாடிப் புட்டிகளில் கிடைப்பது இதுவே. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவை பிழிந்தெடுப்பவை. இவற்றோடு அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. வெள்ளைத் தாளில் இரண்டையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: தேங்காய் எண்ணெய் கறையாக நிலைத்துவிடும், ஆவியாகும் எண்ணெய் பெரும்பாலும் தடமின்றி மறைந்துவிடும். அவ்வளவு செறிவானது என்பதால்தான் அதைத் துளியளவில் கையாள வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் புண்ணில் நடப்பதும்

இவ்வகை எண்ணெய்களில் தோல் கிருமிகளுக்காக மிகுதியாக ஆராயப்பட்டது டீ ட்ரீ எண்ணெய். ‘தேயிலை மர எண்ணெய்’ என்று சிலர் தமிழில் எழுதுவது தவறு; தேயிலைச் செடிக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பகுதிக்கு உரிய மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையிலிருந்து வடிப்பது அது. 1920களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டு, அக்காலத்தில் கிருமிநாசினியாக வழங்கிய கார்பாலிக் அமிலத்தைவிட அது 11 மடங்கு வலிமையானது என்று கண்டறிந்து வெளியிட்டார். அந்த மரத்தின் நெருங்கிய உறவினம் ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது: கம்போங் கிளாம் என்ற ஊர்ப்பெயரே ‘கெலாம்’ மரத்திலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் உடம்பில் தேய்க்கும் ‘காயு பூத்தே’ எண்ணெயை இந்த வகை மரத்தின் இலையிலிருந்துதான் வடிக்கிறார்கள். ஆயினும் உறவை வைத்து ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று முடிவுசெய்யக் கூடாது. டீ ட்ரீ எண்ணெயில் மேலோங்கி நிற்பது டெர்பினன்-4-ஆல் என்ற வேதிப்பொருள். காயு பூத்தே எண்ணெயிலும் யூகலிப்டஸ் எண்ணெயிலும் மேலோங்குவது சினியோல். இரண்டின் வேலையும் வேறு.

கிருமியின் உடலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இந்தப் பொருள்கள் புகுந்து அதைக் குலைக்கின்றன. சவ்வு ஓட்டையானதும் உள்ளிருக்கும் பொட்டாசியம் போன்றவை கசிந்து வெளியேறிக் கிருமி மடிகிறது. ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜெனால், எலுமிச்சைப்புல்லிலுள்ள சிட்ரால் ஆகியவற்றின் வேலையும் ஏறக்குறைய இதுவே. மருந்துக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைகூட ஆய்வுத்தட்டில் டீ ட்ரீ எண்ணெய்க்கு மடிகிறது. சூடோமோனாஸ் என்ற கிருமியோ, பச்சை நிறச் சீழை உண்டாக்கி நாள்பட்ட புண்களில் குடியேறுவது, அதற்கு எளிதில் அசைவதில்லை.

புண், ஆய்வுத்தட்டு அன்று. புண்ணில் சீழும் புரதமும் இறந்த திசுவும் நிறைந்திருக்கின்றன; எண்ணெய் அவற்றில் சிக்கி வலுவிழக்கிறது. கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலான தொற்று தோலுக்கு அடியில், எந்தப் பூச்சும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, கிருமியின் சவ்வைக் குலைக்கும் அதே பொருள், காயத்தை மூடுவதற்காக வந்துசேரும் நம் உடலின் புதிய உயிரணுக்களின் சவ்வையும் குலைக்கிறது. கலக்காத எண்ணெயைத் திறந்த புண்ணில் ஊற்றுவது, களை முளைத்த நாற்றங்காலில் களைக்கொல்லியை வாளியோடு கொட்டுவதற்குச் சமம்.

மனிதரிடம் செய்த சோதனைகள் சொல்வதும் இந்த நடுநிலையைத்தான். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 விழுக்காட்டு டீ ட்ரீ எண்ணெய்க் களிம்பு முகப்பருவைக் குறைத்தது. பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடை அதே அளவில் பூசியதைவிட மெதுவாக வேலை செய்தது, ஆனால் தோலை அதைவிடக் குறைவாகவே வருத்தியது. 2004இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்று, உடம்பில் எம்ஆர்எஸ்ஏ கிருமியைச் சுமந்திருந்த 224 நோயாளிகளைப் பற்றியது. மொத்தத்தில் டீ ட்ரீ எண்ணெய் வழக்கமான சிகிச்சையை ஏறத்தாழ எட்டிப்பிடித்தது. ஆனால் மூக்கிலுள்ள கிருமியை அகற்றுவதில் மியுபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு 78 விழுக்காடும் டீ ட்ரீ களிம்பு 47 விழுக்காடும் வெற்றி கண்டன. கிருமியைச் சுமப்பதும் புண்ணில் சீழ் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதை எதிர்கொள்ளும் தேசியச் செயல்திட்டத்தைச் சிங்கப்பூர் 2017 நவம்பரில் வெளியிட்டது. கிருமிகள் மருந்தை மீறும் காலத்தில் இந்த எண்ணெய்களை ஆராய்வது மிகவும் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆய்வு முடிவதற்கு முன்பே அதன் பலனை நம் கால்விரலில் சோதித்துப் பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது

புட்டியைத் திறப்பதற்கு முன் வெளிச்சத்தில் அமர்ந்து புண்ணைப் பாருங்கள். ‘சிவந்திருந்தால் தொற்று’ என்று எழுதப்பட்டிருக்கும் குறிப்புகள் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் தோலில் சிவப்பு பல வேளைகளில் தெரிவதே இல்லை. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ, இழுத்துக் கட்டியதுபோல் பளபளப்பாகவோ தெரியும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். வலக்காலில் புண் என்றால் இடக்காலின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நிறம் மாறியிருக்கும் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கோட்டைத் தாண்டி நிறம் பரவினால் தொற்று ஓடுகிறது என்று பொருள். மருத்துவருக்கும் அந்தக் கோடு பெரிய உதவி.

கீழ்வரும் நிலைகளில் எந்த எண்ணெய்க்கும் இடமில்லை. நிறமாற்றம் கோட்டைத் தாண்டிப் பரவினாலும், கை அல்லது காலில் கோடுபோல மேலேறினாலும், காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், காயத்தின் அளவுக்கு ஒவ்வாத கடும் வலி இருந்தாலும், தோல் கருத்தோ மரத்தோ நீர்க்கொப்புளம் கட்டியோ போனாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மயக்கமோ குழப்பமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் 995ஐ அழைக்க வேண்டும். கண்ணை ஒட்டிய புண், விலங்கோ மனிதரோ கடித்த காயம், ஆழமான குத்து, உள்ளே ஏதோ தங்கியிருக்கும் காயம் ஆகியவற்றை அதே நாளில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரச்சந்தையில் மீன் முள்ளோ இறால் கொம்போ குத்திய கை சில மணிநேரத்தில் வீங்கி வலித்தால், வெதுவெதுப்பான கடல்நீரில் வளரும் விப்ரியோ கிருமி காரணமாக இருக்கலாம். அது ஓடும் வேகத்தில் காலைவரை காத்திருப்பது ஆபத்து. மழைக்காலத்தில் சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்வோருக்கு, சிங்கப்பூர் மண்ணில் இயல்பாகவே உள்ள கிருமி ஒன்று சிராய்ப்பின் வழியே புகுந்து மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கக்கூடும். தோலில் ஆறாத புண்ணோடு காய்ச்சலும் சேர்ந்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கழுவுதல்: மெய்யான சிகிச்சையின் பெரும்பகுதி

என் அனுபவத்தில், சிறு காயங்கள் சீழ்ப்பிடிப்பதற்குக் காரணம் மருந்து போடாததன்று, சரியாகக் கழுவாததே. சிங்கப்பூரில் குழாய்நீர் குடிக்கத் தகுந்தது. எனவே காயம் கழுவவும் தகுந்தது. கையைச் சோப்பால் நன்கு கழுவிய பின், காயத்தைக் குழாய்க்கு அடியில் பிடித்து ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நீர் ஓட விடுங்கள். பத்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மண்ணோ மணலோ தெரிந்தால் சுத்தமான காஸ் துணியை நனைத்து மெல்ல ஒற்றி எடுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு மென்மையான சோப்பு போதும். கலக்காத டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் திறந்த காயத்தில் ஊற்ற வேண்டாம். மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை வேண்டவே வேண்டாம். கட்டுப் போடும் அறையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கழுவும் நீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நல்லதன்று. எண்ணெய் நீரில் கரையாது. மேலே மிதந்து, கலக்காத சொட்டாகவே போய்ப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

கழுவிய பின் ஒற்றி உலர்த்தி, வாசலினை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத வகைக் கட்டுத்துணியால் மூடுங்கள். நம் வெக்கையில் பிளாஸ்டருக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடும் என்பதால் நாளுக்கு ஒரு முறையும், நனைந்தால் உடனேயும் மாற்ற வேண்டும். அழுக்கான காயம் என்றால், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

எண்ணெய்க்கு உரிய இடம்

அப்படியானால் எண்ணெய்க்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது சிறிய இடம். முகச்சவரத்திற்குப் பின் மயிர்க்கால்களில் தோன்றும் கடுகளவு கொப்புளங்கள், சிறு பருக்கள், சொறிந்து தடித்தும் தோல் கிழியாமல் இருக்கும் கொசுக்கடி ஆகியவற்றில் 5 விழுக்காட்டு டீ ட்ரீ களிம்பையோ ஜெல்லையோ பயன்படுத்தலாம். பாதுகாப்புக் காலணிக்குள் நாள் முழுவதும் வேகும் கால்விரல் இடுக்குகளில் வரும் பூஞ்சைப் புண்ணுக்கும் டீ ட்ரீ எண்ணெய் ஆராயப்பட்டிருக்கிறது; செறிவான கரைசல் ஓரளவு பலன் தந்தபோதிலும் சிலருக்குத் தோல் அழற்சியையும் தந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் கிளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபைன் களிம்பே அதற்கு மேல் என்பது என் கருத்து. அந்த வெடிப்பைக் கவனிக்காமல் விட்டால் காலில் தொற்று நுழைவதற்கு அதுவே வாசலாகும்.

இன்னொரு பயன் உண்டு. பலர் அதை அறியார். புற்றுநோயால் ஏற்படும் ஆறாத புண்களின் நாற்றம் நோயாளியையும் குடும்பத்தையும் ஒடுங்கச் செய்துவிடும். அந்நிலையில், கட்டின் வெளிப்படலத்தில், புண்ணைத் தொடாமல், லாவெண்டர் போன்ற எண்ணெயை ஒரு துளி இடுவது அந்த அறையில் மற்றவர்கள் அமர்ந்து பேசுவதை எளிதாக்கும். வீட்டுக்கு வரும் தாதியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புண்ணை ஆற்றாவிட்டாலும், பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வந்து உட்கார்வதற்கு வழிசெய்யும் அந்த ஒரு துளியை நான் மதிக்கிறேன்.

வாங்குவதும் கலப்பதும்

இயன்றவரை, அளவு குறிப்பிட்டுத் தயாராக விற்கப்படும் களிம்பையே வாங்குங்கள். வீட்டில் கலப்பது கிருமி நீக்கப்பட்டதன்று. ஆகவே அது எந்நாளும் திறந்த காயத்திற்குப் போகக் கூடாது. கலப்பதாக இருந்தால், புட்டியில் தாவரவியல் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ 4730 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி டெர்பினன்-4-ஆல் 35 முதல் 48 விழுக்காடு வரை இருக்க வேண்டும்.

அளவு இதுதான். மருந்துக்கடையில் ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சொட்டின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் சொட்டை எண்ணுவதைவிட அது நம்பகமானது. 5 விழுக்காட்டுக் கலவைக்கு, 9.5 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் 0.5 மில்லிலிட்டர் டீ ட்ரீ எண்ணெய். சிரிஞ்சு இல்லையென்றால் 0.5 மில்லிலிட்டர் என்பது தோராயமாகப் பத்துச் சொட்டு. மென்மையான தோல் உள்ளவர்கள் 0.2 மில்லிலிட்டரில், அதாவது 2 விழுக்காட்டில் தொடங்குவது நல்லது. ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், லவங்கப்பட்டை எண்ணெய் ஆகியவற்றை இந்த அளவில் தோலில் தடவ வேண்டாம். அவை தோலைச் சுடும், ஒவ்வாமையையும் எளிதில் உண்டாக்கும்.

அடுத்தது சோதனை. முழங்கை மடிப்புக்குக் கீழே உட்புறத்தில் கலவையை ஒரு துளி வைத்துப் பிளாஸ்டரால் மூடுங்கள். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெறும் தேங்காய் எண்ணெய் ஒரு துளி வைத்து இன்னொரு பிளாஸ்டர் போடுங்கள். வியர்வையாலும் பிளாஸ்டரின் பசையாலும் வரும் அரிப்பை எண்ணெயால் வரும் அரிப்பிலிருந்து பிரித்தறிய இந்த இரண்டாவது பிளாஸ்டர் உதவும். கட்டுப் போடும் அறையில் கற்றுக்கொண்ட சிறு உத்தி இது. 48 மணிநேரம் கழித்து இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வாமை தாமதமாகவும் வரலாம் என்பதால் மேலும் இரண்டு நாள் பொறுங்கள். தடிப்போ நீர்க்கொப்புளமோ எண்ணெய் வைத்த இடத்தில் மட்டும் தோன்றினால் அந்த எண்ணெய் உங்களுக்கானதன்று. இனி ஒருபோதும் ஆகாது.

சோதனையில் தேறினால், நாளுக்கு இரண்டு முறை, பஞ்சு நுனியால் கொப்புளத்தின் மேல் மட்டும் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம், மேலே இறுக்கமாகக் கட்ட வேண்டாம். மருத்துவர் தந்த களிம்பு அங்கே ஏற்கெனவே இருந்தால் அதோடு சேர்க்க வேண்டாம். இரண்டு நாளில் தேறுமுகம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கொப்புளம் பெருத்துக் கட்டியாகி உள்ளே சீழ் கோத்துவிட்டால் அதைக் கீறி வடிப்பதே சிகிச்சை. மூடிய தோலுக்கு அடியில் உள்ள சீழை எந்த எண்ணெயும் கரைக்காது. அதை நீங்களே பிதுக்கவும் கூடாது.

எண்ணெய் பழசானால் காற்றோடு சேர்ந்து சிதைந்து, ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். ஆகவே புட்டியைத் திறந்த நாளை மூடியில் எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வைத்து, ஓராண்டுக்குள் பயன்படுத்தி முடியுங்கள். குளியலறைச் சன்னல் திண்டு அதற்கு மிக மோசமான இடம்.

யாருக்கு வேண்டாம்

இனிப்புநீர் நோய் உள்ளவர்களின் பாதத்தில் ஏற்படும் எந்தக் காயத்திற்கும், அது எவ்வளவு சிறியதானாலும், எண்ணெய் வேண்டாம். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது நம் சமூகம் அதை மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு கேட்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்நோய் இல்லாத வீடு குறைவு. பாதத்தில் புண் கண்ட அன்றோ மறுநாளோ பலதுறை மருந்தகத்திற்கோ, அரசின் மருத்துவக் கட்டணச் சலுகைக்கான சாஸ் அட்டையை ஏற்கும் மருந்தகத்திற்கோ சென்றுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு யூகலிப்டஸ், கற்பூரம், டீ ட்ரீ ஆகிய எண்ணெய்கள் விழுங்கினால் நஞ்சு. சில மில்லிலிட்டரே வலிப்பையோ மயக்கத்தையோ கொண்டுவரலாம். பூட்டிய அலமாரியில் வையுங்கள். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) உள்ளதா என்று சோதிக்கிறார்கள். அக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டை ஆகாது என்பதைப் பெற்றோர் அறிவர். அவர்களுக்கு மெந்தால், கற்பூரம் கலந்த தைலங்களையும் மருத்துவரிடம் கேளாமல் தடவக் கூடாது. இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் மீத்தைல் சாலிசிலேட் உள்ள தைலத்தை மிகுதியாகத் தேய்த்தால் இரத்தம் உறைவது மேலும் குறையும். கருவுற்றிருப்பவர்களும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு சொல். வேலையிடத்தில் கம்பி கிழித்தது, ஆணி குத்தியது என்றால், சம்பளம் பிடிப்பார்களோ என்று அஞ்சித் தைலத்தைத் தடவிக் கையுறைக்குள் மறைக்காதீர்கள். உங்கள் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். காயம் பட்ட நாளிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் தடவியதை மறைக்க வேண்டாம். நான் பணியில் இருந்த காலத்தில், திட்டுவார்களோ என்று அஞ்சி, தைலத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தவர்கள் பலர். புண்ணைச் சுற்றியிருந்த தடிப்பு தொற்றால் வந்ததா, எண்ணெயால் வந்ததா என்று தெரியாமல் தேவையற்ற மருந்தை உட்கொள்ள நேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. எதைத் தடவினீர்கள், எத்தனை நாள், நாளுக்கு எத்தனை முறை என்பதைத் தாளில் எழுதி, கோடிட்டு எடுத்த படத்தோடு கொண்டு செல்லுங்கள். புட்டியையும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் கட்டுப் போடும் தாதி அதைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.